ராணிக்குப் பின்னால் ஓடிய தறி

எங்கள் ஜலகண்டாபுரத்தில் திருவிழா நாடகம் போட்டால் ராஜா இரண்டு முறை சாவார். அவர் தலையை மடியில் தாங்கியபடி ராணி ஒப்பாரிப் பாட்டைப் பாடி முடித்ததும் கூட்டம் 'ஒன்ஸ்மோர்' கேட்கும். ராஜா எழுந்து உட்கார்ந்து, ஒரு சோடாவைக் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு மறுபடி செத்துப்போவார். ராணி முதலிலிருந்து பாடுவாள். இதற்கு யாரும் சிரித்ததில்லை.

ராணி என் அக்கா. ராஜா என் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர். மற்ற நாட்களில் இருவரும் வீட்டை ஒட்டிய கொட்டகையில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள்.

அந்த இசை நாடகத்தை நான் சினிமாவாக எடுக்கக் கிளம்பியபோது முதலில் வெட்டியது சோடாவைத்தான். விடிய விடிய நடக்கும் நாடகம் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டுமே. கோமாளி போனார், பாட்டுகளில் பாதி போயிற்று. ஒப்பாரியை மட்டும் தொடவில்லை. அதிலும் எனக்கொரு பிடிவாதம்: மேளமோ ஹார்மோனியமோ கூடாது, அக்காவின் வெறும் குரலை அந்த இடத்திலேயே பதிவு செய்ய வேண்டும். பணம் போட்டவருக்கு இதில் நம்பிக்கையில்லை. சரியாக வராவிட்டால் சென்னையில் ஒரு பாடகியைப் பாடவைத்து மாற்றிவிடுவது என்று பேச்சு. அக்காவுக்கும் அது தெரியும்.

எங்கள் தெருவிலேயே அரண்மனை செட் போட்டோம். படப்பிடிப்பு அன்று எங்களுக்காக அக்கம்பக்கத்துத் தெருக்கள்கூடத் தறிகளை நிறுத்தின. அப்படியோர் அமைதியை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. வேப்பமரத்தில் அணில் ஓடுவது கேட்டது. பஞ்சுத் தூசி வெயிலில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ தாலாட்டி ஊரைத் தூங்க வைத்த மாதிரி இருந்தது. கிரீடத்தோடு அக்கா, அவள் மடியில் மாமா. நான் யாருடைய கனவுக்குள்ளோ நிற்கிறேன் என்று தோன்றியது.

அக்கா பாட ஆரம்பித்தாள். இரண்டாவது அடியில் இழுத்தாள், மூன்றாவதில் நின்றுவிட்டாள். திரும்பத் திரும்ப எடுத்தோம், திரும்பத் திரும்ப நின்றாள்.

"காதுக்குள்ள ஒண்ணுமேயில்ல புள்ள. பாட்ட எங்க புடிக்கறதுன்னே தெரியல," என்றாள். கண்மை கரைந்திருந்தது. மாமா செத்தபடியே அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

எனக்கு எரிச்சல் வந்தது. 'கட்' என்று கத்தினேன். நாலு வீடு தள்ளிக் கேட்டிருக்கிறது. அங்கிருந்த தறிக்காரர் எங்கள் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து ஸ்விட்சைத் தட்டிவிட்டார். டடக், டடக் என்று ஒற்றைத் தறி ஓடத் தொடங்கியது. நிறுத்தச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அக்கா பாடிக்கொண்டிருந்தாள். கேமராவை அணைக்கப் போன கேமராமேன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தறிக்காரர் ஓடிவந்து, "நீங்க கட்டுன்னு சத்தம் போட்டதும் முடிஞ்சுதுன்னு நெனச்சுப்புட்டனுங்க," என்று தலையைச் சொறிந்தார்.

குரலிலிருந்து தறியைப் பிரிக்கவே முடியாது என்றார் ஒலிப்பதிவாளர். அரண்மனைக்குள் விசைத்தறி ஓடினால் தியேட்டரே சிரிக்கும், சென்னைப் பாடகிதான் சரி என்றார் பணம் போட்டவர். கொட்டகையில் தறி ஓட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னேன்.

"என்ற கொரலு வேண்டாம்னா உடு புள்ள. மூஞ்சி இருக்குதில்ல, போதும்," என்றாள். சொல்லிவிட்டு, அறுந்த இழையைத் தேடுகிற சாக்கில் தறிக்குள் குனிந்துகொண்டாள். ஒரு இழையும் அறுந்திருக்கவில்லை. பணம் போட்டவரோடு மல்லுக்கட்டி, அந்தத் தறிச் சத்தத்தோடேயே படத்தை முடித்தேன்.

ஓமலூர் தியேட்டரில் பகல் காட்சிக்கு எங்கள் தெருவே வேன் பிடித்து வந்திருந்தது. ஒப்பாரி வந்தது. இருட்டில் ராணியின் குரல், பின்னால் டடக், டடக். நான் திரையைப் பார்க்கவில்லை. எந்தத் தோள் முதலில் சிரிப்பில் குலுங்கப் போகிறது என்று முன்வரிசைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்தது. ஒரு தோளும் குலுங்கவில்லை.

"ஒன்ஸ்மோர்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பிறகு நாலைந்து குரல்கள். படம் அதுபாட்டுக்கு அடுத்த காட்சிக்குப் போய்விட்டது.

அக்கா என் பக்கம் சாய்ந்து, "கேக்கறாங்க புள்ள. பாடாம எப்பிடி?" என்றாள்.

"இது சினிமாக்கா," என்றேன். அவள் அதற்குள் எழுந்துவிட்டாள்.

முதல் அடி தடுமாறியது. யாரோ நாற்காலியின் கையில் தட்டினார்கள், டடக், டடக் என்று. பக்கத்தில் இருந்தவர் தட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். தியேட்டர் முழுக்கத் தறி ஓட, அக்கா பாடினாள்.

திரையில் என் படம் ஓடிக்கொண்டிருந்தது, பார்க்கத்தான் ஆளில்லை. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, மறைப்பானேன். அழுகையும் வந்தது. மாமா பார்த்துவிடுவாரோ என்று அவர் பக்கம் திரும்பினேன். அவர் குடித்துக்கொண்டிருந்த சோடாவைக் கீழே வைத்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் தலையைச் சாய்த்துச் செத்துப்போயிருந்தார்.