சிமெண்டு ஜாலியும் பருப்பு சோறும்

அந்த நாலு மாடி அலுவலகத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் போர்டிகோவுக்கு ஒரு தூண்கூட இல்லையே, எப்படி நிற்கிறது? உள்ளே கம்பி தாங்குகிறது என்கிறார் என் கணவர். கம்பியை எது தாங்குகிறது? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆயிரங்கால் மண்டபம் இருக்கும் திருவண்ணாமலையில் வளர்ந்தவள் நான்; தூணில்லாத கூரையை நம்ப மனம் வரவில்லை.

மூன்றாம் மாடியில் அவருக்கு வேலை. போன வருஷம் கட்டிடம் திறந்த புதிதில், ஒன்றரை வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மதியச் சாப்பாடு கொண்டுபோவேன். கொளுத்தும் வெயிலிலும் போர்டிகோவுக்கு வெளியேதான் நிற்பேன்.

அப்போது எனக்கு ஒரே கவலை, மகள் சாப்பிடாததுதான். நிலாவைக் காட்டினாலும் காக்காவைக் காட்டினாலும் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். எடை பார்த்த டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார்.

ஒருநாள் திடீர் மழை. வேறு வழியில்லாமல் போர்டிகோவுக்கு அடியில் ஒதுங்கினேன். கையிலிருந்த பருப்பு சோற்றைச் சும்மா நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்! அவள் பார்த்த திசையில் கண்திருஷ்டிக்காக மாட்டிய பூசணிக்காய் அரக்கன் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தான். அவன் உபயம்தான் என்று நினைத்து, வீட்டிலும் ஒரு பூசணிக்காயில் அதே முகத்தை வரைந்து மாட்டினேன். மகள் அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது.

"ஏங்க, அங்க மட்டும் எப்படிங்க சாப்பிட்டா?"

"அவ அரக்கனைப் பாக்கல. பின்னால இருக்கிற சுவரைப் பாத்திருப்பா. நீயும்தான் ஒருநாள் பாரேன்."

மறுநாள் பார்த்தேன். படிக்கட்டை மறைத்து மேல்மாடிவரை சதுரம் சதுரமாக ஓட்டை விட்ட சிமெண்டு ஜாலி. அதன் வழியே இறங்கிய வெயில் தரையில் கட்டம் போட்டிருந்தது. மேகம் வந்தால் கட்டங்கள் மங்கும், போனால் பளிச்சிடும். பூச்சில்லாத சாம்பல் சுவரில், கான்கிரீட் வார்க்க அடைத்த பலகையின் மரவரிகள் அப்படியே பதிந்திருந்தன. யாராவது படியேறினால் ஒரு சதுரத்தில் வேட்டி, அடுத்ததில் குடை, அதற்கடுத்ததில் வழுக்கைத் தலை. மகள் சிரித்து வாயைத் திறப்பாள், நான் ஊட்டுவேன். சிற்பமே இல்லாத சுவரை இத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்ததில்லை.

"வாம்மா, பாப்பாவுக்கு ஆபீஸ் டைம் ஆயிடுச்சி! சாரைவிட கரெக்டா வருது, சம்பளம்தான் இல்ல" என்பார் வாட்ச்மேன்.

"கண்ணு வெக்காதீங்கண்ணே, இப்பதான் ரெண்டு வாய் சேத்து வாங்குறா."

எடை ஏறியது. டாக்டரம்மாவே சிரித்தார்.

இப்போது கணவருக்கு வேலூருக்கு மாற்றல். அங்கே அலுவலகம் ஓட்டுக் கட்டிடமாம். மகளோ இன்னும் வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை. இங்கேயே பழக்கியது தவறோ என்று தோன்றுகிறது. குழந்தை வளர்த்தவர்களே, நாலு சுவருக்குள் இவளை எப்படிச் சாப்பிட வைப்பது? தெரிந்தால் எழுதுங்கள். வேலூரில் ஜாலி வைத்த கட்டிடம் எங்காவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.