பொம்மைப்படம் பார்த்த மருமகள்

அனிமே என்ற சொல்லை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள், ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் என்னோடு பேக்கிங் செய்தவள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸில் செல்போனைச் சாய்த்துவைத்து, ஜப்பான்காரப் பிள்ளைகள் கத்துவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். "மூணு எபிசோடு பாருக்கா. பொறவு நீயே கேப்ப" என்றாள். மூன்று முடிந்ததும் கேட்டேன். கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன முதல் வருடம் அது. காலையும் மாலையும் டவுன் பஸ்ஸில் எனக்கு வேறு என்ன வேலை?

வாளைத் தூக்கிக்கொண்டு உலகத்தைக் காப்பாற்றக் கிளம்புகிறவர்கள் எனக்கு ஒட்டவில்லை. அவர்கள் கத்துகிற கத்தலுக்கு எங்கள் தெருவாக இருந்தால் போலீஸ் வந்திருக்கும். எனக்கு ஒட்டியவள் ஒருத்திதான். ஒரு தொடரில் தனியாகக் குடியிருக்கும் ஆபீஸ்காரி. கண் மட்டும் பெரிது. மற்றபடி என் முகம்தான். அவளுக்குப் பெரிதாகக் கதையும் கிடையாது. காலையில் ஷூ மாட்டும்போது காலி வீட்டைப் பார்த்து ஏதோ சொல்வாள், பிறகு கிளம்புவாள். கீழே இங்கிலீஷில் "ஐ ஆம் ஆஃப்" என்று போட்டிருந்தது. ஆஃப் ஆவதற்கு இவள் என்ன ஃபேனா என்று நினைத்தேன். மறுநாள் பேக்கிங் மேசையில் கேட்டேன்.

"அதுக்கு நேர் அர்த்தம் போயிட்டு வாரேன்க்கா. நம்ம சொல்றோமே, அதேதான். வீட்ல இருக்கவங்க போயிட்டு வான்னு சொல்லணும்" என்றாள் அவள்.

நானும் தினமும் காலையில் வாசலில் நின்று "போயிட்டு வாரேன் அத்தை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மாமியார் டிவியைப் பார்ப்பார். கணவர் செல்போனைப் பார்ப்பார். அவளாவது காலி வீட்டில் சொன்னாள். நான் ஆள் இருக்கிற வீட்டில் சொன்னேன். ஒருநாளாவது யாராவது "போயிட்டு வா" என்று சொல்லிவிட மாட்டார்களா என்று செருப்பு வாரை வேண்டுமென்றே மெதுவாக மாட்டுவேன்.

குழந்தை இல்லாமல் நான்கு வருடம் ஓடியது. புரட்டாசி சனிக்கிழமைகளில் மாமியார் என்னை எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயருள்ள குன்றுக்கு அழைத்துப்போய்ப் பெருமாள் முன்னால் நிறுத்துவார். கணவரை டாக்டரிடம் அழைத்துப்போக மட்டும் யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. கோயில் படி இறங்கும்போது மாமியார், கூட வந்த பக்கத்துவீட்டு அம்மாவிடம், "எந்நேரமும் பொம்மைப்படம் பாக்குதா. எங்கிட்டுப் பிள்ளை நிக்கும்?" என்பார். என் காதில் விழவேண்டும் என்றே சொல்வது. செல்போனில் ஒரு பொம்மை அழுதால் என் கர்ப்பப்பைக்கு என்ன வந்துவிடும் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆபீஸ்காரி காலி வீட்டிடம் சொல்லிவிட்டுக் கிளம்பும் அந்தக் காட்சியைக் காட்டினேன். "எனக்கு இவளை மாதிரிதான் இருக்கு" என்றேன். அதற்குமேல் எப்படிச் சொல்வது? பதில் சொல்லுங்கள் என்று கேட்டு வாங்கினால் அது பதிலா? அவர் முழுவதும் பார்த்தார். "நல்லாத்தான் வரைஞ்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

அடுத்த ஞாயிறு ராஜபாளையத்தில் அவருடைய சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் ஒருவர் "என்ன, விசேஷம் எதுவும் உண்டா?" என்று வழக்கம்போல் ஆரம்பித்தார். என் கணவர் இலையிலிருந்து தலையைத் தூக்காமல், "வீட்ல ஏற்கெனவே ஒரு பிள்ளை கார்ட்டூன் பாத்துக்கிட்டு இருக்குல்ல. இன்னொண்ணு எதுக்கு?" என்றார். பந்தியே சிரித்தது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சொன்னதைக்கூட விட்டுவிடுவேன். நான் சிரித்ததைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் வேலைக்குக் கொண்டுபோகும் பைக்குப் பதிலாகப் பெரிய பையை எடுத்து, நான்கு சேலையும் சர்டிபிகேட்டுகளும் வைத்தேன். பையை யாரும் பார்க்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "போறேன்" என்றேன்.

டிவி சத்தம் நின்றது. கணவர் செல்போனிலிருந்து நிமிர்ந்தார். மாமியார் எழுந்து வாசல்வரை வந்தார். நான்கு வருடத்தில் அதுதான் முதல்முறை. எங்கே போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டால் திரும்பிவிடுவேன் என்று, வெட்கமில்லாமல், நின்றேன்.

"காலங்காத்தால வாசல்ல நின்னுக்கிட்டு போறேன்னா சொல்லுவாக? வெளங்குமா இந்த வீடு? போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போ" என்றார்.

நான் சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு ஆகாது என்றால் ஆகாமலே போகட்டும் என்று இறங்கி நடந்தேன்.