வெட்டிய மூன்றாவது வரி

என் தங்கைக்கு வீட்டில் வக்கீலம்மா என்று பெயர். பாலை அடுப்பில் வைத்துவிட்டு நகர்ந்தால்கூட, "பொங்கறதுக்கு முன்னாடி அணைக்கணும், நடுவுல போன் வந்தா எடுக்கக் கூடாது" என்று வால் ஒட்டாமல் விடமாட்டாள். அந்த வால்தான் பிற்பாடு அவளுக்குச் சோறு போட்டது.

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கவே நாளாயிற்று. மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனி. நோயாளிகளுக்கு நாள் குறிப்பது, மாற்றுவது எல்லாம் ஒரு ஏஐ உதவியாளர். அதன் கையில் சின்னச் சின்னக் கருவிகள். ஒன்று இடம் பிடிக்கும், ஒன்று செய்தி அனுப்பும், ஒன்று பிடித்த இடத்தை விடுவிக்கும். எதை எப்போது எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு உண்டு. உதவியாளர் அதைப் படித்துத்தான் நடக்கும். அந்தக் குறிப்புகளை எழுதுவது என் தங்கை.

"புதுசா வேலைக்குச் சேர்ந்த ஆளுக்குச் சொல்ற மாதிரி எழுதணும்க்கா. கெட்டிக்கார ஆளு, ஆனா நம்ம இடத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது," என்பாள்.

இடத்தை விடுவிக்கும் கருவிக்கு மூன்று வரி எழுதியிருந்தாள். நோயாளி வரமாட்டார் என்றால் இதைப் பயன்படுத்து. விடுவித்த இடம் உடனே அடுத்தவருக்குப் போய்விடும். பதில் வரவில்லை என்பதற்காக மட்டும் இதைத் தொடாதே; கவுன்டரில் சொல், அவர்கள் போன் செய்து கேட்கட்டும்.

அவளுடைய மேலாளருக்கு நீளம் என்றாலே ஆகாது. உதவியாளர் ஒவ்வொரு தடவையும் எல்லாக் குறிப்பையும் படிக்கிறது, செலவு ஏறுகிறது என்று கத்தரியை எடுத்தார். மூன்றாவது வரி போயிற்று. "அது புத்திசாலிம்மா, இதெல்லாம் அதுக்கே தெரியும்." சோதனை ஓட்டினார்கள், எல்லாம் தேறியது. தேறாமல் என்ன? சோதனைக்கென்று கற்பனை செய்த நோயாளிகள் அத்தனை பேரும் உடனுக்குடன் பதில் போடும் உத்தமர்கள். தங்கை கரடியாய்க் கத்தினாள். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்பா லாரி ஓட்டியவர். ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மிச்சக் கண்ணிலும் விழித்திரை பிரிய ஆரம்பித்திருந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் பார்வை தங்கும் என்றார் டாக்டர். நாளும் குறித்தார்கள். போன் நம்பர் கேட்டபோது அப்பா முந்திக்கொண்டு தன் நம்பரைச் சொன்னார். அந்த மருத்துவமனையிலும் தங்கையின் கம்பெனி மென்பொருள்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

குறித்த காலையில் அப்பாவை வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு போய் நின்றோம். கவுன்டர் பெண் திரையைப் பார்த்துவிட்டு விழித்தாள்.

"உங்க இடத்தை விடுவிச்சாச்சேம்மா. வருவீங்களான்னு ரெண்டு தடவை மெசேஜ் போயிருக்கு. பதிலே இல்ல."

"கண்ணு தெரியாத மனுஷனுக்கு மெசேஜ் அனுப்பினா எப்படிம்மா படிப்பாரு?" நான் போட்ட சத்தத்தில் பக்கத்து நாற்காலிக் குழந்தை அழத் தொடங்கியது.

"என்கிட்ட கத்தி என்ன பண்றது? எல்லாம் அதுவேதான் பண்ணுது."

தங்கை சுவரோரமாக உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். உதவியாளர் காரணம் எழுதி வைத்திருந்தது, அதுவும் எவ்வளவு மரியாதையாக! நோயாளியிடமிருந்து பதில் இல்லை, வரமாட்டார் எனத் தெரிகிறது, காத்திருக்கும் இன்னொருவருக்கு இடம் உதவும். அவள் அதையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

"ஏதாவது பண்ணுடி. நீ எழுதினதுதானே?"

"இப்போ எழுதி என்னக்கா? அந்த இடத்துக்கு ஆள் உள்ளே போயாச்சு."

உள்ளே போனவரின் மனைவி எதிரிலேயே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள்மேல் கோபப்படவும் வழியில்லை. டாக்டரைப் பார்க்கக் கெஞ்சினோம். அவர் ஆபரேஷன் அறையில் இருந்தார். வேறு மருத்துவமனைகளுக்குப் போன் போட்டோம், அங்கேயும் வரிசை. மேலாளருக்குப் போன் போட்டாள். ரொம்ப வருத்தம் என்றார், வரியைத் திரும்பச் சேர்க்கலாம், ஆனால் சோதனை முடியாமல் முடியாது என்றார். நான் போனை அவள் கையிலிருந்து பிடுங்கி அணைத்தேன். அப்பா மட்டும், "டீ குடிக்கலாமா இப்போ?" என்று கேட்டார்.

அடுத்த வாரக் கடைசியில்தான் இடம் கிடைத்தது. அதற்குள் விழித்திரை நடுவிலும் பிரிந்துவிட்டிருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். கட்டைப் பிரித்த டாக்டர் விளக்கை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். வெளிச்சம் மட்டும் தெரியும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கை கட்டிலின் அந்தப் பக்கம் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் வெளியே வரக் கூடாதாம்.

அப்பா தடவிப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா மனசைப் போட்டு உழப்பிக்கிறே? நீ எழுதினபடிதானே அது செஞ்சுது. அந்த அளவுக்கு நல்லா எழுதியிருக்கே, வக்கீலம்மா," என்றார் என்னைப் பார்த்து.