பெயர் இரகசியம்: ஆம்

குற்றச்சாட்டு இது: 2025ஆம் ஆண்டு யூன் மாதம் 16ஆம் திகதி திங்கட்கிழமை, கண்டிக்கு அண்மையிலுள்ள ஓர் உள்ளூராட்சி சபை, அம்பிட்டியவில் வாடகைக்குக் குடியிருக்கும் ராமசாமி கறுப்பையா என்பவர் இரகசியம் என நம்பிக் கொடுத்த முறைப்பாட்டை, பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் சகிதம் தன் இணையத்தளத்தில் எவரும் பார்க்கும்படி வைத்தது. அந்தச் சபையின் பெயரை இங்கே வெளியிடவில்லை. ஒரு பெயரை மறைப்பது எப்படி என்று யாராவது செய்துகாட்ட வேண்டுமல்லவா?

கறுப்பையாவுக்கு வயது அறுபத்தொன்று. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். தொழிலாளர் குடியிருந்த லயத்துக் கூரை ஒழுகி, தகப்பனாரின் பிரஜாவுரிமைப் பத்திரம் தகரப்பெட்டிக்குள்ளேயே கூழாகிப்போனபோது அவருக்குப் பத்து வயது. அதன்பிறகு அந்தக் குடும்பம் எத்தனை கந்தோர் வாசல்களில் கால்கடுக்க நின்றது என்பதை அவர் மறக்கவில்லை. கையில் கிடைத்த எந்தக் காகிதத்தையும் எறிந்ததுமில்லை. கண்டியில் ஒரு மருந்துக்கடைக் களஞ்சியத்தில் முப்பது வருடம் வேலை செய்துகொண்டே சிங்களமும் கணினியும் தாமாகப் படித்தார். அலுமாரியின் கீழ்த்தட்டில் பதினொரு கோவைகள் இருக்கின்றன. மின்விசிறி பழைய இரும்புக்குப் போய் ஏழு வருடமாகிறது; அதன் உத்தரவாத அட்டை நான்காவது கோவையில் பத்திரமாக உள்ளது.

அம்பிட்டியவின் சரிவில் வீடுகள் ஒன்றின் தலையில் ஒன்று நிற்கும். மேல் வீட்டில் வீட்டுக்காரர் அம்பிகைபாகன். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஓய்வுபெற்ற பொறியியலாளர். அவருக்குச் சொந்தமான கீழ் வீட்டில் பதினான்கு வருடமாகக் கறுப்பையாவும் மனைவி இந்திராணியும் இருந்தார்கள். மழை பெய்து மேல் வீட்டு மலசலகூடக் குழி நிரம்பினால் கீழ் வீட்டுச் சமையலறைச் சுவர் வியர்க்கும். கறுப்பையா மூன்று தடவை நேரில் போய்ச் சொன்னார். "பார்ப்பம்" என்று மூன்று தடவையும் வந்த பதிலைத் திகதியுடன் குறித்துக்கொண்டார். பிறகுதான் சபையின் தளத்தில் முறைப்பாடு செய்தார். 'பெயரை இரகசியமாக வைத்திருக்கவும்' என்ற கட்டத்தில் சரி போட்டு, அந்தத் திரையையும் அச்சிட்டுக் கோவையில் சேர்த்தார்.

அந்தத் தளத்தில் ஒரு வீட்டின் வரி இலக்கத்தை அடித்தால், அந்த வீட்டைப் பற்றிய அனைத்தும் வந்து விழும். வரி இலக்கமோ தபால்காரர் பார்ப்பதற்காக ஒவ்வொரு கேற்றிலும் தகட்டில் அடித்துத் தொங்குகிறது. அம்பிகைபாகனின் ஆதன வரியைக் கனடாவிலிருந்து இணையத்தில் கட்டுபவர் அவருடைய மருமகன்.

யூலை 6ஆம் திகதி, ஞாயிறு காலை, அம்பிகைபாகன் ஒரு தாளுடன் படியிறங்கி வந்தார்.

"கறுப்பையா, இதை ஒருக்கா வாசியும்."

கறுப்பையா வாசித்தார். முறைப்பாட்டாளர்: ராமசாமி கறுப்பையா. பெயர் இரகசியம்: ஆம். நிலைமை: தீர்க்கப்பட்டது.

"இரகசியத்தை வடிவாப் பதிஞ்சிருக்கிறாங்கள்," என்றார் அம்பிகைபாகன்.

"சேர், மொதல்ல ஒங்ககிட்டதானே மூணு தரம் வந்து சொன்னேன்."

"ஓம், சொன்னனீர். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா வரி கட்டப்போன மருமகன் கனடாவில இருந்து எடுத்து, மாமா குழி எப்பிடியெண்டு கேக்கிறார். மூண்டு மாதம் தாறன். வேற வீடு பாரும்."

அவர் படியேறிப் போன பிறகு இந்திராணி கணவரைப் பார்த்தார். "வாயால சொன்னப்ப அவருக்கு மட்டுந்தான் தெரிஞ்சிச்சு. நீங்க ரகசியமா எழுதுனதும் கனடா வரைக்கும் போயிருச்சு."

புதன்கிழமை கறுப்பையா சபைக்குப் போனார். முறைப்பாட்டுப் பிரிவில் பஸ்னா என்ற உத்தியோகத்தர் கதிரை காட்டி, மரியாதையாகக் கேட்டார்.

"பேர மறைக்கச் சொல்லி நீங்க கேட்டது பதிவாகி ஈக்கிது தானே, ஐயா?"

"பதிவாகியிருக்கும்மா. பேரும் கூடவே பதிவாகியிருக்கு."

"மறைக்கிற வசதி இன்னும் செஞ்சி முடியல்ல. கேக்கிற வசதி மட்டுந்தான் இப்ப ஈக்கிது."

"தீர்க்கப்பட்டதுன்னு வேற போட்டிருக்கே. குழி அப்படியே தானே இருக்கு?"

"பதினாலு நாள் போனா சிஸ்டம் தானாவே தீர்த்துரும். நீங்க எல்லாத்தையும் எழுத்துல தாங்க, ஐயா. அடையாள அட்டைக் கொப்பியும் வைங்க."

எழுத்தில் கேட்டால் அரைகுறையாகக் கொடுக்கும் மனிதரல்லர் கறுப்பையா. நான்கு பக்கக் கடிதம், சுவரின் ஆறு படங்கள், வாடகை ஒப்பந்தம், அடையாள அட்டையின் இருபுறப் பிரதி எல்லாவற்றையும் அடுத்த நாளே கையளித்து, திகதி முத்திரையும் வாங்கிக்கொண்டார். சபையும் இம்முறை சுணங்கவில்லை. அன்று பின்னேரமே ஒரு தாள் தவறாமல் வருடியெடுத்து, அதே வரி இலக்கத்தின் கீழ் தளத்தில் ஏற்றியது.

சனிக்கிழமை அம்பிகைபாகன் மறுபடியும் இறங்கி வந்தார்.

"ரண்டாம் பக்கத்தில என்னை, பதில் சொல்லும் பழக்கமற்றவர் எண்டு எழுதியிருக்கிறீர். இப்ப பதில் சொல்லுறன். மூண்டு மாதமில்லை, இந்த மாதக் கடைசி." திரும்பியவர் இரண்டாம் படியில் நின்றார். "அடையாள அட்டைப் படம் நல்லா வந்திருக்கு. மருமகனும் சொன்னவர்."

கறுப்பையா தெல்தெனியவில் இரண்டு வீடுகள் பார்த்தார். முதல் வீட்டுக்காரர் பெயரையும் இப்போதிருக்கும் வீட்டின் வரி இலக்கத்தையும் கேட்டார், தொலைபேசியில் எதையோ தட்டினார், "குழி முறைப்பாட்டுக் கறுப்பையா நீங்கதானா?" என்று சிரித்தார். வீடு ஏற்கெனவே கொடுத்தாயிற்றாம். இரண்டாவது வீட்டுக்காரர் சிரிக்கவுமில்லை.

யூலை 21ஆம் திகதி அவர் சபைத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதத்தின் இறுதிப் பந்தி பின்வருமாறு:

"எனவே, எனது பெயரையும் முகவரியையும் அடையாள அட்டைப் பிரதியையும் உடனடியாகத் தளத்திலிருந்து அகற்றுமாறும், அவற்றை இதுவரை எத்தனை பேர் பார்த்தனர் என அறிவிக்குமாறும், தீர்க்கப்பட்டதாகப் பதியப்பட்டுள்ள குழியை எவர் எப்போது பரிசோதித்தார் எனத் தெரிவிக்குமாறும் கோருகிறேன். இக்கடிதத்தைத் தளத்தில் ஏற்ற நான் சம்மதிக்கவில்லை. இம்மாதம் 31ஆம் திகதிக்குப் பின் எனக்கு முகவரி இராது. ஆகையால் அதற்கு முன்பாக, ஒட்டிய உறையில், தங்கள் கையொப்பத்துடன் எழுத்துமூலம் பதில் தரவும்."