முதல் வரிசை நாற்காலி

பெரிய அத்தை மாதம் ஒரு காதல் நாவல் எழுதினாள். சில மாதங்களில் இரண்டு. சென்னையில் அச்சாகும் அந்தச் சின்னப் புத்தகங்கள் அரியலூர் பஸ் ஸ்டாண்ட் கடையில் கிளிப் மாட்டித் தொங்கும். அட்டையில் இருப்பது வேறு பெயர். அது அத்தைதான் என்று விக்கிரமங்கலத்தில் எங்கள் வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது.

எந்தக் கதையானாலும் கடைசிப் பக்கத்தில் கல்யாணம் நடந்தாக வேண்டும். ஆனால் அத்தை கல்யாணங்களுக்குப் போவதில்லை. கட்டிக்கொடுத்த மறுவருடமே மாமாவை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டவள். அதனால் என்னை அனுப்புவாள். வாய் திறக்காத பிள்ளை என்பதால், மணவறையை ஒட்டி நின்றாலும் என்னை யாரும் விரட்டமாட்டார்கள். திரும்பியதும் கேள்விகள்.

"மாலை மாத்தறப்ப மாப்பிள்ளை சிரிச்சானாடி? அந்தப் பொண்ணு கை நடுங்குச்சா?"

நான் சொன்னதெல்லாம் அடுத்த புத்தகத்தில் இருக்கும். எனக்கு அதில் ஏகப் பெருமை.

பிறகு சின்ன அத்தைக்குக் கல்யாணம் வந்தது. தாயில்லாத அவளுக்குத் தலைவாரி வளர்த்தவள் பெரிய அத்தை. "ஓரமா நின்னு பாத்துட்டு வந்துடறேன் தம்பி" என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டபடியே, "மாப்பிள்ளை வூட்டுக்காரங்க ஏதாச்சும் நெனைப்பாங்க அக்கா" என்றார்.

மண்டபத்தில் அவள் சாமான் அறையில் உட்கார்ந்து வாழையிலைக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெளியே முதல் வரிசையில் மாப்பிள்ளையின் அக்கா, மடியில் அத்தையின் நாவலோடு, பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "இதை எழுதறவங்க குடுத்து வச்சவங்கடி. புருஷன் உள்ளங்கையில வச்சுத் தாங்குவான் போல."

ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்படியா சொன்னாங்க!" என்று அத்தை சத்தமாகச் சிரித்தாள்.

கெட்டிமேளம் கேட்டது. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அன்று அவள் அதிகம் கேட்கவில்லை.

"தாலி கட்டறப்ப அழுதாளா?"

"இல்ல அத்தே. சுத்திச் சுத்தி யாரையோ தேடுச்சு."

"யாரை?"

"தெரியல."

அத்தை இலையைத் துடைத்தாள். துடைத்த இலையையே மறுபடியும் துடைத்தாள்.

சில மாதங்கள் கழித்து வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், மணப்பெண் கூட்டத்தைக் கண்ணால் துழாவுகிறாள். முதல் வரிசை நாற்காலியில், பட்டுப்புடவையில், அவளுடைய அக்கா உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தப்பா எழுதிட்டியே அத்தே. அங்க மாப்பிள்ளையோட அக்கால்ல இருந்தாங்க? பாத்துட்டு வந்து சொன்னேன்ல?"

"அச்சாயிடுச்சே, என்ன பண்றது" என்றாள்.

அவள் மறுபடி தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று, அதன்பிறகு எல்லாக் கல்யாணங்களையும் நான் இன்னும் உற்றுப் பார்த்தேன்.