வட்டத்துக்குள் பதினான்கு மாதங்கள்

என் அக்கா இருபத்தாறு ஆண்டுகள் சூரியனை வரைந்தாள். அவள் ஓவியர் அல்ல. மலை மேலிருந்த ஒரு சூரிய ஆய்வுக்கூடத்தில் நோக்கர் வேலை. தொலைநோக்கி சூரியனின் பிம்பத்தை ஒரு பலகையில் விழ வைக்கும். பலகையில் வட்டம் அச்சிட்ட தாள் ஒன்றைக் குத்தி, பிம்பத்தை அந்த வட்டத்துக்குள் பொருத்தி, அதில் தெரிகிற கரும்புள்ளிகளைப் பென்சிலால் அப்படியே வரைவாள். நாளுக்கு ஒரு தாள். வெயில் ஏறினால் தரையின் சூடு மேலெழுந்து பிம்பம் கொதிக்கத் தொடங்கும் என்பதால் காலை ஏழரைக்கே வேலை ஆரம்பம். வானம் மூடியிருந்தால் காலி வட்டத்துக்குக் கீழே ‘மேகம்’ என்று எழுதிவிட்டுக் காத்திருப்பாள்.

தாளில் தெரிகிற கறுப்பெல்லாம் சூரியனுடையது இல்லை. தாளிலேயே தூசி இருக்கலாம், மரக்கூழின் துணுக்கு இருக்கலாம். சந்தேகம் வந்தால் தாளை ஓர் அங்குலம் நகர்த்துவார்கள். தாளின் அழுக்கு தாளோடு போகும். சூரியனின் புள்ளி நின்ற இடத்தில் நிற்கும். வேலையில் சேர்ந்த முதல் வாரம் அவள் எனக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தாள். சாப்பாடு எப்படி, அறை எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை.

அறை எப்படி என்பதைப் பிறகு போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். குடியிருப்பின் கடைசி வீடு. ஒரு கட்டில், ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலி நான் போனபோது பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று முறை வந்து, தானே ஓய்ந்தது. “காலையில ஏழரைக்கு வீட்ல இருக்க மாட்டேன்னு சொன்னேன், அவங்களுக்கு ஒத்துவரல” என்றாள். வேறு காரணம் இருந்திருக்கலாம். நான் கேட்டதில்லை.

அங்கே அவளோடு பேசியவர் பெரும்பாலும் ஒருவர்தான். அடுத்த அறையில் இன்னொரு தொலைநோக்கி, ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியை மட்டும் விடுகிற வடிகட்டியோடு. அதில் பார்த்தால் சூரியனின் விளிம்பில் நெருப்பு நாக்குகள் எழுந்து வளைவது தெரியும்; நடுவே திடீரென்று ஒரு கீற்று பளீரென்று பற்றிப் பரவினால் அது வெடிப்பு. அதைக் கவனித்தவரை எல்லோரும் சிவப்பறைக்காரர் என்பார்கள். அவர் அக்காவுக்கு வைத்த பெயர் வட்டம்மா.

“என்ன வட்டம்மா, இன்னைக்கு எத்தனை பொட்டு வச்சிருக்காரு உங்க ஆளு?”

“என் ஆளு ஒழுக்கமாத்தான் இருக்காரு. உங்க ரூம்லதான் கத்தறாரு.”

இருபது வருடம் இதே பேச்சு. இருவருக்கும் அலுக்கவில்லை.

சூரியனுக்குப் பதினோரு ஆண்டுக்கு ஒரு தடவை ஏற்ற இறக்கம் உண்டு. புள்ளிகள் பெருகும், பிறகு சில வருடங்களில் மெல்லக் குறைந்து ஓயும். அக்கா ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தபோது அப்படி ஓர் இறக்கம் நடந்துகொண்டிருந்தது. ஞாயிறு தோறும் தொலைபேசியில், “அடங்கிக்கிட்டே வர்றாரு சின்னவளே, இந்தத் தடவை ரொம்ப சீக்கிரமா அடங்கறாரு” என்பாள். அவள் அனுப்பிய எண்களைப் பார்த்து மற்ற நாட்டு ஆய்வுக்கூடங்களும் அப்படித்தான் நினைத்தன. ஒரே கண் இருபத்தாறு வருடம் எண்ணிய கணக்கு. அதை வைத்துத்தான் மற்றவர்கள் தங்கள் எண்ணிக்கையைச் சரிபார்ப்பார்கள்.

ஒரு காலை சிவப்பறைக்காரர் அவள் அறைக்கு வந்து நின்றார். அன்று கேலி இல்லை.

“வட்டம்மா, எட்டேகாலுக்கு ஒண்ணு வெடிச்சுது. நல்ல பெருசு. உங்க தாள்ல அந்த இடம் காலியா இருக்கே?”

“புள்ளி இல்லாத இடத்துலயும் வெடிக்கும். அபூர்வம், ஆனா உண்டு.”

“உண்டு, உண்டு” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவர் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதுதான் அக்காவை உறுத்தியிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து நான் விடுப்பில் அவளிடம் போயிருந்தேன். காலையில் அவளோடு இருட்டறையில் நின்றேன். அவள் வரைந்து முடித்து எண்ணிக்கையை எழுதினாள். நான் சும்மா பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், “இங்க ரெண்டு குட்டியா இருக்கே அக்கா, இதை விட்டுட்டியே” என்றேன்.

“எங்க?”

விரலை வைத்துக் காட்டினேன். முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“தூசியா இருக்கும். நல்லாப் பாத்துக்கோ.” தாளை ஓர் அங்குலம் நகர்த்தினாள். “நகருதா?”

நகரவில்லை. வட்டமும் பென்சில் கோடுகளும் நகர்ந்தன. அந்த இரண்டும் நின்ற இடத்தில் நின்றன.

“கேக்கறேன்ல? நகருதா, இல்லையா?”

“இல்லைக்கா.”

தாளைப் பழைய இடத்தில் வைத்தாள். நான் காட்டியதை வரையவில்லை. தான் காணாததைத் தாளில் போடக்கூடாது என்பது அங்கே வழக்கம். பென்சிலைப் பெட்டியில் போட்டு மூடினாள். அதற்கு நெடுநேரம் ஆனது.

ஆய்வுக்கூடத்தில் தினம் ஒரு புகைப்படமும் எடுத்தார்கள். அது வேறு ஆராய்ச்சிக்கு. புள்ளிகளை யாரும் அதில் எண்ணுவதில்லை. அன்று மதியம் அக்கா அந்தப் படங்களைக் கட்டுக்கட்டாக வாங்கி வந்தாள். ஊருக்குத் திரும்புவதை நான் ஒன்பது நாள் தள்ளிப்போட்டேன். நான் பூதக்கண்ணாடியை வைத்துப் படத்தில் எண்ணுவேன், அவள் தன் தாளில் இருந்த எண்ணைச் சொல்வாள். முதலில் ஐந்து வருடத்துக்கு முந்தைய படங்கள்.

“பதினாறு.”

“பதினாறு. அடுத்தது?”

“இருபத்தொண்ணு.”

“இருபது. ம், சரிதான். மேல போ.”

வருடம் வருடமாக இறங்கி வந்தோம். ஒரு மழைக்காலம் முடிந்து வானம் திறந்த வாரத்தில் எங்கள் எண்கள் பிரிய ஆரம்பித்தன. நான் பதினொன்று என்றால் அவள் ஒன்பது. நான் பன்னிரண்டு, அவள் எட்டு. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட ஒத்துப்போகவில்லை. பதினான்கு மாதம். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது உண்மை, ஆனால் அதைவிட வேகமாக அவள் கண் இறங்கியிருந்தது. இரண்டும் ஒரே பக்கம் போனதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, அவளுக்கும்.

கடைசித் தாளை வைத்த பிறகு நான் சொன்னேன்: “யாருக்குக்கா தெரியப் போகுது? இன்னும் ரெண்டரை வருஷம். கண்ணாடி மாத்திக்கிட்டு, பேசாம ஓட்டிடு. இதைச் சொன்னா உன்னை அந்த ரூமுக்குள்ளயே விட மாட்டாங்க.”

அவளுக்கு அது தெரியும். அந்த அறையைத் தவிர அவளிடம் வேறென்ன இருந்தது? தாள்களை அடுக்கி ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்தினாள்.

“நூறு வருஷம் கழிச்சு எவளாவது ஒருத்தி இதை எடுத்துக் கூட்டிக் கழிச்சுப் பாப்பாடி. சூரியன் ஏன் இப்படிச் சட்டுனு அடங்குச்சுன்னு மண்டையை உடைச்சுப்பா. எங்கிட்ட வந்து கேக்க அவளால முடியாதே.”

மறுநாள் இயக்குநர் முன்னால் போய் நின்றாள். நானும் கூடப் போனேன். “நான் தப்பாச் சொல்லிட்டேன் சார். பதினாலு மாசமா” என்று ஆரம்பித்தாள். அவர் நல்ல மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அதுக்கென்னம்மா, ஒரு எண்ணால பெருக்கிச் சரிபண்ணிக்கலாம். இதுக்காக எதுக்கு...” என்றார்.

“எதால சார் பெருக்குவீங்க? ஒவ்வொரு மாசமும் ஒவ்வொரு அளவு குறைஞ்சிருக்கு. எடுத்துடுங்க.”

அவள் கேட்டபடியே எடுத்தார்கள். முந்நூற்றுச் சொச்சம் தாள்களிலும் குறிப்புக் கட்டத்தில் அவளே உட்கார்ந்து எழுதினாள்: ‘நோக்கரின் பார்வை குறைவு. எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.’ கண் மருத்துவர், விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிறது, வயது காரணம், திருப்ப முடியாது என்றார். அந்த மாதக் கடைசியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். கூட வந்தது ஒரு பெட்டியும் அந்த ஒற்றை நாற்காலியும்.

ஏழு வருடம் இருந்தாள். போகப்போக நடுவில் எல்லாம் அழிந்து ஓரம் மட்டும் அவளுக்கு மிஞ்சியது. என்னிடம் பேசும்போது என் தோளைப் பார்த்துப் பேசுவாள். “உன் காது நல்லாத் தெரியுதுடி, தோடு மாத்திருக்கே. மூஞ்சிதான் இல்லை.” சொல்லிவிட்டுச் சிரிப்பாள். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். காலை ஏழரைக்கு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, “மேகமா?” என்று கேட்பாள். இல்லை என்றால் ஒன்பது மணிவரை பேசமாட்டாள்.

ஒன்பதுக்கு சிவப்பறைக்காரர் கூப்பிடுவார். அவரும் ஓய்வு பெற்றுவிட்டவர்தான். தினமும் ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டுப் புதிய நோக்கரின் எண்ணைக் கேட்டு வாங்கி, இவளுக்குச் சொல்வார். சூரியன் மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. “நூத்திப் பன்னெண்டு வட்டம்மா, உங்க ஆளுக்குத் திமிரு கூடிப்போச்சு.” அவள் அந்த எண்ணை அன்று முழுக்க வைத்திருப்பாள். சாப்பிடும்போது திடீரென்று, “நூத்திப் பன்னெண்டா?” என்பாள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தூக்கத்தில் போய்விட்டாள். புதன்கிழமை எல்லாம் முடிந்தது. யார் யாருக்கோ சொன்னேன். சிவப்பறைக்காரரை மட்டும் எப்படியோ விட்டுவிட்டேன். அந்த இரண்டு நாளும் வந்த போன் எதையும் எடுக்கவே இல்லை.

வியாழன் ஒன்பது மணிக்கு மணி அடித்தது. எடுத்தேன்.

“தொண்ணூத்திரெண்டும்மா. ரெண்டு நாளா யாரும் எடுக்கல, ஊருக்குப் போயிருந்தீங்களா? வட்டம்மாகிட்ட சொல்லிடுங்க. கிழக்கு ஓரத்துல புதுசா ஒரு கூட்டம் வருதாம், பெருசா வெடிக்கும்னு பசங்க காத்துக்கிட்டிருக்காங்க.”

“சரி, சொல்றேன்” என்று வைத்துவிட்டேன்.

ஜன்னலோரம் நாற்காலி அப்படியே இருந்தது. வெயில் அதன் கைப்பிடியைத் தாண்டித் தரைக்கு வந்திருந்தது. தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றிரண்டு என்று மனசுக்குள் ஓடியது. யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. நாளைக்கும் அவர் கூப்பிடுவார். நாளைக்கும் சரி என்று சொல்லலாம். ஒரு மாதம்கூடச் சொல்லலாம், அவருக்குத் தெரியப் போவதில்லை.

கால் மணி நேரம் இருந்தேன். பிறகு நானே அவர் எண்ணை அழுத்தினேன்.

“நான் தப்பாச் சொல்லிட்டேன் சார்” என்றேன்.