இரண்டாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு

எங்கள் ராக் பேண்டின் முதல் ஆல்பத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் டிரம்மர் என் தங்கையைக் கட்டிக்கொண்டு எனக்கு மாப்பிள்ளையாகிவிட்டான், லிஃப்ட் மெக்கானிக்காகவும் ஆகிவிட்டான். பாடகனுக்கு நாங்கள் வைத்த பெயர் தொண்டை. அவன் வேறு பேண்ட் சேர்த்துப் பார்த்து, சண்டை போட்டு, திரும்பி வந்தான். நான் பாஸ் கிட்டாரைப் பரண்மேல் போட்டுவிட்டு வயிற்றுப்பாட்டைப் பார்த்தேன்.

அந்த நாளில் மாப்பிள்ளை எப்போதும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன் மாதிரிதான் இருப்பான். மெதுவாக ஆரம்பிக்கும் பாட்டைக்கூட நடுவில் ஓட்டமெடுக்க வைப்பான். தொண்டை மூச்சு வாங்கப் பின்னால் ஓடிவருவான். முதல் ஆல்பத்தை இன்றைக்கும் நாலு பேர் தேடிக் கேட்கிறார்கள் என்றால் அந்த ஓட்டத்துக்காகத்தான்.

லிஃப்ட் வேலை ஆளையே மாற்றிவிட்டது. மின்சாரத்தை நிறுத்த வேண்டும், பூட்டுப் போட வேண்டும், நின்றுவிட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும், அப்புறம்தான் கை வைக்க வேண்டும். அவசரப்பட்டால் விரல் போய்விடும். இப்போது சட்டைப் பொத்தானைக்கூட அப்படித்தான் போடுகிறான். தங்கைக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. எனக்கோ பார்க்கப் பார்க்க எரிச்சல்.

இரண்டாவது ஆல்பத்தைப் பதிவு செய்த ஸ்டூடியோவில் தாளம் தப்பாமலிருக்க ஹெட்ஃபோனுக்குள் டக் டக் என்று ஒரு க்ளிக் ஓடிக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை அதைவிட்டு இம்மியும் பிசகவில்லை. பாட்டெல்லாம் உயிரில்லாமல் கிடந்தது. கடைசி நாள் மத்தியானம், பாக்கியிருந்த ஒரே பாட்டும் இப்படியே வந்தால் மொத்த ஆல்பத்துக்கும் மெஷினில் தாளம் போட்டுவிடலாம் என்று தொண்டை என்னிடம் முணுமுணுத்தான். அது மாப்பிள்ளை காதில் விழுந்துவிட்டது. குச்சிகளை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான்.

அப்போதுதான் அவனுடைய கம்பெனியிலிருந்து போன் வந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது, உள்ளே ஒரு பெண் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு அந்தப் பக்கத்துக்கு அவன்தான் பொறுப்பு. பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தவனைத் தொண்டை வாசலில் மறித்தான்.

“ஒரே ஒரு தடவை வாசிச்சிட்டுப் போடா.”

“உள்ள ஆள் இருக்காங்கடா.”

“நாலு நிமிஷப் பாட்டுதானே?”

மாப்பிள்ளை கதவைப் பார்த்தான், டிரம்ஸைப் பார்த்தான். பிறகு பையைக் காலடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். ஹெட்ஃபோனைத் தொடவே இல்லை.

என்னத்தைச் சொல்ல! ஒன், டூ என்று எண்ணி முடிப்பதற்குள் பாய்ந்துவிட்டான். நான் விழுந்தடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். தொண்டைக்கு ஒவ்வொரு வரியிலும் மூச்சு முட்டியது. காலடிப் பையில் ஸ்பேனர்கள் குலுங்கிய சத்தமும் பதிவாகியிருக்கிறது. கடைசி அடியின் அதிர்வு அடங்குமுன் அவன் படியிறங்கிப் போய்விட்டான். நாங்கள் போட்டுக் கேட்டுவிட்டுச் சின்னப் பிள்ளைகள் மாதிரி குதித்தோம்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. வியர்த்து நனைந்து வெளியே வந்தாள், அவ்வளவுதான். ஆல்பம் வந்ததும் எல்லோரும் பிடித்துக்கொண்டது அந்தப் பாட்டைத்தான். பழைய வேகம் திரும்பிவிட்டது என்று புகழ்ந்து தள்ளினார்கள்.

தங்கை வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டால் மாப்பிள்ளை பாதியிலேயே எழுந்துபோய்ச் செருப்பைத் தேடுகிறான். போன வாரம் நான் விடவில்லை. பின்னாலேயே வாசலுக்குப் போய், பாட்டு நல்லா இல்லையா மாப்ள என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்கு மச்சான்,” என்றான். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. “கதவைத் திறந்ததும் அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘எவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்க’ன்னு அழுதாங்க. அதை மட்டும் அவங்க சொல்லாம இருந்திருக்கலாம்.”